பத்தாம் எண் சாக்கெட்

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை,
இருமல்கூட இல்லை என்றார் ஹெர்மினியோ.

பதினோரு மாதம் ஃபீனிக்ஸில்
மகன் வீட்டுக் கட்டிலில்
உடைந்த இடுப்போடு கிடந்துவிட்டு வந்தவர்.
அத்தனை நாளும் அவர் டிரக்
கொட்டகைக்கும் ஜூனிப்பர் மரத்துக்கும் நடுவே
அசையாமல் நின்றிருக்கிறது.
நியூ மெக்சிகோவில் நின்ற வண்டிக்குக்
குடிவர ஆள் கிடைக்காமல் போவதில்லை.

பானட்டைத் தூக்கினேன்.
எஞ்சினைக் காணோம்.
முள்ளோடு கள்ளித் துண்டுகள், கூடை கூடையாக.
இடுக்கில் இருக்கைப் பஞ்சு, மாட்டுச்சாணம்,
தேவாலய அறிக்கை ஒன்றின் பாதி:
புனித வெள்ளி மாலை ஆறு மணிக்கு
என்பது வரை மிச்சம்.

புதினா எண்ணெய் தெளித்தேனே என்றார்.
பாச்சை உருண்டை போட்டேன்,
சோப்பைச் சீவித் தூவினேன்.
சோப்பு இருந்தது.
கூட்டின் வாசலில், அழகாக அடுக்கி.

முகமூடி, கையுறை.
பிளீச் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
பெருக்கக் கூடாது, காற்றால் ஊதக் கூடாது.
இந்தப் பக்கத்தில் புழுக்கைத் தூசியை முகர்ந்து
செத்தவர்கள் உண்டு.
எந்த எலி போட்டது என்று
நுரையீரல் விசாரிப்பதில்லை.

ஊறட்டும் என்று தள்ளி நின்றோம்.
கைத்தடியை ஊன்றி அவர் சொன்னார்:
இதற்குப் பண்டமாற்று எலி என்று பெயர்.
வாயில் ஒன்றைக் கவ்விப் போகும்,
வழியில் அதைவிடப் பிடித்தது கிடைத்தால்
இதை அங்கே போட்டுவிட்டு அதை எடுக்கும்.
என் கரண்டிக்கு ஒரு பைன் காய் தந்தது.
நியாயமான வியாபாரம் இல்லை,
ஆனாலும் வியாபாரம்.

ஈரக் கூட்டைக் கை கையாக அள்ளினேன்.
மஞ்சள் வயர், பச்சை வயர், எர்த் வயர்,
எல்லாம் பல்லால் உரித்து
செம்பு வெட்கமில்லாமல் மின்னியது.
முழுத் தொகுதியும் மாற்ற
ஆயிரத்து எண்ணூறு டாலர்.
வண்டியை விற்றாலும் அவ்வளவு தேறாது.
அப்படியானால் ஒட்டுப் போடு என்றார்,
என் இடுப்பிலும் அதைத்தான் செய்தார்கள்.

அடித்தட்டில், பேட்டரிக்குப் பின்னால்,
ஒரு புட்டி மூடி, இரண்டு தோட்டாக் கூடு,
பத்து என்று எண் பொறித்த
என் சாக்கெட்.

போன அக்டோபர்.
இதே முற்றத்தில், இதே பேட்டரியை மாற்றியபோது தொலைந்தது.
அந்த வருடம் மூன்றாவது சாமான்.
அமதோரைப் பார்த்துச் சொன்னேன்:
என் பெட்டி மட்டும் தானாக இளைக்கிறது.
அவன் பதில் சொல்லவில்லை.
பட்டறைச் சாவியை
ஃபெண்டரின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு
நெடுஞ்சாலை வரை நடந்தே போனான்.
அமரில்லோவில் டயர் கடையில் இருப்பதாகக் கேள்வி.

கையுறையைக் கழற்றாமல் அதைப் பிடித்திருந்தேன்.
என்ன அது என்றார் ஹெர்மினியோ.
என்னுடையது, என்றேன்.

ஒட்டுப் போட இரண்டு நாள்.
ஒவ்வொரு வயராகச் சீவி, முறுக்கி,
ஈயம் வைத்து, மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பைச் சுற்றி.
இரண்டாம் நாள் சாயங்காலம் டிரக் இருமியது,
கறுப்பாக ஒரு வாய் துப்பியது,
ஓடியது.

வெளிச்சத்தில் அது கூடு கட்டாது,
ஓட்டாத நாட்களில் பானட்டைத் திறந்தே வையுங்கள்
என்று சொல்லிவிட்டு, அங்கே நின்றபடியே
அமரில்லோவுக்கு அடித்தேன்.
ஆறு மணி ஒலித்து, பதிவுக்குப் போனது.
அமதோர், என்றேன்.
ஹெர்மினியோவின் டிரக் ஓடுகிறது, என்றேன்.
அதற்குமேல் என் மூச்சுதான் பதிவாகியிருக்கும்,
இயந்திரம் போதும் என்று வெட்டும் வரை.

இருட்டிவிட்டதால் பெட்டியை அங்கேயே விட்டு வந்தேன்.
காலையில் போனால்
மூடியின் மேல் காயவைத்த கையுறையில் ஒன்று இல்லை.
அது இருந்த இடத்தில்,
விரல் நீளத்துக்கு,
பச்சையாக ஒரு கள்ளித் துண்டு.